ஆளில்லாத தெரு

கால்வாய் நிரம்பி வழிந்தால், ஆள் குறைந்த தெருவாகப் பார்த்துக் கம்ப்யூட்டரே தண்ணீரைத் திருப்பிவிடும். அன்றைக்கு மதகுக் காவலாளி ஏகாம்பரத்தின் தெருப் பக்கமே தண்ணீரைத் திறந்துவிட மதகுப் பலகை உயரத் தொடங்கியது.

அவர் உடனே ஆபீசுக்குப் போன் போட்டார்.

"சார், எம் பொஞ்சாதி புள்ளைங்க வூட்லதான் கீறாங்க."

"அந்தத் தெருவுல ஒரு போன்கூட இல்லியேப்பா. போனை வெச்சுத்தான் கம்ப்யூட்டர் ஆளை எண்ணும்; ஆளே இல்லன்னு காட்டுது."

மழை வலுத்தால் போன்களை மட்டும் நனையாமலிருக்க மூட்டை கட்டிப் பள்ளிக்கூட மாடிக்கு அனுப்பிவிட்டு, தட்டுமுட்டுச் சாமான்களுக்குக் காவலாக வீட்டிலேயே கிடப்பது அந்தத் தெருவின் வழக்கம்.

ஏகாம்பரம் தன் போனோடு முழங்கால் தண்ணீரில் ஓடிப்போய் வீட்டு வாசலில் நின்றார்.

"இப்பப் பாரு சார்."

"ஒரு ஆள் தெரியுது. நூறு பேராவது இருந்தாத்தான் பலகை நிக்கும். நீயாவது வெளிய வந்துடுப்பா."