ஒட்டுப் போட்ட டயர்

"எவனோ கத்துக்குட்டி ஒட்டுப் போட்டிருக்கான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

என் லோரிக் கொட்டகை மேசையில் ஒரு சாந்துக்கட்டியை வைத்திருந்தார். சேற்றில் பதிந்த சைக்கிள் தடத்தில் சாந்தை ஊற்றி எடுத்தது.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தத் தோட்டத்தில் லோரி முதல் தள்ளுவண்டி வரை அத்தனை சக்கரத்துக்கும் நான்தான் வைத்தியன்.

"கத்துக்குட்டி போடுற வேலையாங்கய்யா இது? டயர் அளவு இருபத்தெட்டு ஒன்றரை. கம்பெனி போட்ட பூ அச்சு கட்டம் கட்டமா இருக்கு. நடுவுல விரல் நீளத்துக்குக் கோடு சாய்வா போகுது பாருங்க. அங்க பச்சை ரப்பர்ல கந்தகம் போட்டு, இறுக்கிக் கட்டி, சூடு வச்சு ஒட்டியிருக்கு. அந்தக் கோட்டையும் சூட்டுக் கத்தியால நானே வெட்டினேன்."

"நீயே போட்டதா?"

"ரந்தாவ் டவுன் வரைக்கும் விசாரிங்க. இந்த வேலை வேற எவனுக்கும் வராது."

அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன்.

நேற்று சாயங்காலம் ஓடைக்கரையில் சுட்ட சத்தம் எங்கள் லயத்து வீடுகள் வரை கேட்டிருந்தது. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் ஆட்கள் மூன்று பேரில் ஒருவன் விழுந்துவிட்டானாம். மற்ற இருவரைத் துரத்திக்கொண்டு உள்ளே போன பட்டாளம், இன்று காலை வெளிச்சம் வந்த பிறகுதான் பிணத்தை எடுக்கத் திரும்பியிருக்கிறது. அதற்குள் யாரோ சைக்கிளில் வந்து போயிருக்கிறார்கள்.

"செத்தவன் வாயில அரிசி இருந்துச்சு. வெள்ளைக்கார ஆபீசருக்கு ஒண்ணும் விளங்கல. எனக்கு விளங்காதா? வாய்க்கரிசி போட்டிருக்காங்க. அப்ப, சொந்தக்காரங்க இந்தத் தோட்டத்துலதான் இருக்காங்க."



அந்த மாதிரி ஒட்டு நான் போட்டது ஒரே ஒரு டயரில்தான். எங்கள் வீட்டுச் சைக்கிள். காலையில் என் மனைவி நீலாவதி அதில்தான் ரப்பர் பால் வெட்டப் போவாள்.

இன்று மத்தியானம் சாப்பிடப் போனபோது அவள் தலைமுழுகிவிட்டு, ஈரத் தலையோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் வரும் என்று திட்டினேன்.

அவள் தம்பி வீரமுத்துவைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது. நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிவிட்டான் என்று அவள்தான் சொன்னாள். நானும் நம்பினேன், மடையன்.

அழுவதற்கு அது நேரமில்லை. வெள்ளைக்காரன் போட்ட இந்த அவசரகாலத்தில் காட்டுக்கு அரிசி கொடுத்தவர்களுக்கு ஜெயில். இல்லாவிட்டால் நாடு கடத்தல்.

"டயர் யாருது, நல்லசாமி?"

"என்னுதுங்கய்யா. நான்தான் போனேன்."

"செத்தவன் உனக்கு யாரு?"

மச்சினன் என்று சொன்னால் பெண்டாட்டி பெயரும் கூடவே வந்துவிடும். தம்பி என்று சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எனக்காக வருத்தப்படுகிற மாதிரிதான் இருந்தது.

"உங்க தோட்டத்து ஆளுதான் காட்டிக் குடுத்தான்லா. போன வாரம் வீடு வீடா பெட்டி கொண்டு வந்தோமே, பேர் போடாம எழுதிப் போடச் சொல்லி? எல்லாருக்கும் ரேஷனைக் குறைச்சிடுவாங்கன்னு பயந்திருப்பான் போல. ஓடைப் பாறையில அரிசி மூட்டை பார்த்தேன்னு எழுதியிருந்தான்."

மூட்டை என்று நான் எழுதவில்லை. வாழையிலையில் கட்டிய சின்னப் பொட்டலம் என்றுதான் எழுதியிருந்தேன்.