பிடித்துவிட லைசென்ஸ்

என் காலைப் பிடித்துவிட என் பெண்டாட்டி செங்கமலத்துக்கு பிசியோதெரபி லைசென்ஸ் வேண்டும். அது இல்லாத கை பட்டால், முழங்காலில் லைசென்ஸ் ஆபீஸ்காரர்கள் ஒட்டியிருக்கும் வில்லை கத்தும், போலீஸ் வரும். வருடா வருடம் புதுப்பிக்க, போன தடவையைவிட நான் நன்றாக நடந்து காட்ட வேண்டும்.

இந்த வருடம் கால் மோசம். உண்மையைச் சொன்னால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவான்கள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆபீஸை விறுவிறுவென்று சுற்றி வந்தேன்.

"போதுங்க, உக்காருங்க," என்றாள் செங்கமலம். நான் கேட்கவில்லை.

அதிகாரிப் பெண் சிரித்தாள். "ஐயாவுக்கு பூரணமா குணமாயிடுச்சு. இனி வைத்தியமே வேண்டாம். அம்மாவோட லைசென்ஸை ரத்து பண்ணிடறேன். வில்லை மட்டும் இருக்கட்டும், கண்காணிப்புக்கு."

"வலிக்குதும்மா."

"இப்பத்தான இந்த ஓட்டம் ஓடுனீங்க?"

வீட்டு வாசலில் கால் மடங்கி விழுந்தேன். செங்கமலம் ஓடி வந்தாள்.

"தொடாதடி, கத்தும்."

அவள் எட்ட உட்கார்ந்து எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "நீங்களே தேய்ங்க. வீம்புக்கு ஓடுன காலுதான?" என்று சொல்லி, தன் முழங்காலைத் தேய்த்துக் காட்டினாள்.

அதே மாதிரி என் காலில் கை வைத்தேன். வில்லை கத்தியது. எனக்கும் லைசென்ஸ் இல்லையாம்.