கேக்கைத் தட்டும் நாள்

கேக்கைக் கவிழ்த்து அடியில் மூன்று முறை தட்டினேன்.

டொக். டொக். டொக்.

"உள்ள இருந்து யாரு வந்து கதவத் தொறக்கப் போறா?" என்றாள் என் மனைவி பிலோமி.

கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்விதான்.

வெளியே தூத்துக்குடி வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே அடுப்புச் சூட்டில் நாள்காட்டியிலிருந்த புனிதர்களெல்லாம் வியர்த்துவிட்டார்கள். நாலு தேங்காய். ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாக மைதா. ஜாதிக்காய் வாசனை பிடித்து மூன்றாவது தெரு நாய் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது.

"போன வருஷக் கேக்க வச்சுத்தான் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கேன்."

சர்க்கரைத் தண்ணீரை மேலே பூசிக்கொண்டிருந்தேன்.

நாம் தேங்காயைத் தட்டி வாங்குகிறோம். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தேங்காய் கேக்கையும் தட்டித்தான் பார்ப்பார். மேலே ரொட்டி மாதிரி முறுகலான ஓடு. வெந்திருந்தால் காலி டப்பாவைத் தட்டியது போல் கேட்கும். வேகாவிட்டால், ஈரச்சுவர்.

நான் சுட்ட கேக்கை அவர் பார்த்ததே இல்லை. கேட்டதோடு சரி.

இருபத்துமூன்று வயதில், கப்பலில் வேலை பார்த்தபோது, எனக்கு அம்மை போட்டது. ஒவ்வொரு கொப்புளமும் ஒரு எலுமிச்சம்பழம்.

"கல்யாணத்தப்போ உளுந்து அளவுன்னு சொன்னீய," என்பாள் பிலோமி.

டிரினிடாட் துறைமுகத்தில் என்னை இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஏஜென்ட் பிடித்துக் கொடுத்த அறை யூலாலி அம்மாளின் வீட்டில். எல்லோரும் அவரை டான்ட்டி என்றார்கள். அத்தைக்கும் சித்திக்கும் அங்கே அந்த ஒரே சொல்தான். அவருக்கு அம்மை வந்ததில்லை. அதனால் உள்ளே வரமாட்டார். காலையில் என் கதவுக்கு வெளியே ஒரு துண்டு தேங்காய் கேக்கை வைத்துவிட்டு மூன்று தட்டுத் தட்டுவார்.

இருக்கியா?

நான் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்ட வேண்டும்.

இருக்கேன்.

அம்மை கண்டவனுக்கு வெண்ணெய் போட்ட கேக்! என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் வேப்பிலைக் கொத்தோடு கடலை நீந்தி வந்திருப்பாள்.

ஒன்பதாம் நாள் என்னால் தட்ட முடியவில்லை.

கதவு திறந்தது.

மூன்று நாள் அவர் என் தலைமாட்டை விட்டு நகரவில்லை. இதில் மட்டும் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

நான் எழுந்தேன். பத்துப் பன்னிரண்டு நாளில் அவர் படுத்தார்.

என் அம்மை.

எனக்கு இனிமேல் வராது, உள்ளே வருகிறேன் என்றேன்.

"இந்த மூஞ்சிய நீ பாக்க வேண்டாம், மெட்ராஸ்."

தூத்துக்குடி என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். நான் மெட்ராஸ்தான்.

அவர் உள்ளிருந்து சொல்லச் சொல்ல, வெளியே நான் தேங்காய் துருவினேன், மாவு கலந்தேன், சுட்டேன். கேக்கைக் கதவருகே தூக்கிப் பிடித்து மூன்று முறை தட்டினேன். உள்ளே கட்டிலில் இரண்டு தட்டு. பிறகு தீர்ப்பு.

"இன்னும் மாவா இருக்கு. திரும்ப வை."

கப்பல் திரும்பி வந்த அன்றுதான் வெளியே வந்தார். கன்னத்தில் மூன்று தழும்பு. விரலால் தொட்டுக் காட்டினார்.

"உன் கையெழுத்து," என்று சிரித்தார்.

போன் மலிந்த நாளிலிருந்து வருடம் தவறியதில்லை. நான் எழுந்த அதே தேதியில் கேக் சுடுவேன். போனில் தட்டிக் காட்டுவேன். அங்கிருந்து இரண்டு தட்டு வரும். பின்னாலேயே அதே தீர்ப்பு. ஒரு தடவைகூட என்னைப் பாஸ் பண்ணியதில்லை.

இந்த வருடம் போனை எடுத்தது அவருடைய மகள் மார்வா.

"அம்மா பேசி மூணு மாசமாச்சு, அங்கிள். என்னையே யாருன்னு தெரியல. காதுல வைக்கிறேன். ஆனா எதையும் எதிர்பாக்காதீங்க."

மேசையில் போன், ஸ்பீக்கரில். கையில் கேக்.

தட்டினேன்.

மூச்சுச் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது. எங்கள் மின்விசிறியாகவும் இருக்கலாம்.

பிலோமி எழுந்து போய் விசிறியை நிறுத்தினாள்.

மறுபடி தட்டினேன். அவசரத்தில் நாலு தட்டாகிவிட்டது. நாலுக்கு எங்களிடம் அர்த்தம் கிடையாது.

திரும்பவும். சரியாக மூன்று.

ஒன்றுமில்லை.

அந்தப் பக்கம் மார்வா தொண்டையைச் செருமினாள். வைக்கப் போகிறாள்.

டொக்.

நானும் பிலோமியும் அசையவில்லை. ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்து, சரக்கிறக்கி, திரும்பிப் போகிற அளவு நேரம்.

டொக்.

"அங்கிள்? அம்மா கட்டிலத் தட்டுறாங்க. எங்கயாவது வலிக்குதோ என்னவோ. கையப் புடிச்சுக்கட்டுமா?"

"புடிக்காதம்மா," என்றாள் பிலோமி. "தட்டட்டும்."

ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட இதுவரை நம்பாதவள்.

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். உளுந்தை எலுமிச்சை ஆக்கிய வாய். ஒரு சொல் வரவில்லை.

பிலோமி என் கையிலிருந்து கேக்கை வாங்கினாள். போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

மூன்று முறை தட்டினாள்.