படகில் ஒரு குறை

"படகுல ஒரு குறை சொல்லணும் சார். ஒண்ணே ஒண்ணு போதும்."

துறையின் மரப்பலகையில் நின்று பல் டாக்டரின் மனைவி படகுப் பரிசோதகரிடம் கெஞ்சினாள். டாக்டர் முன்னால் போய்ப் படகின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். ஓய்வு பெற்ற கையோடு அந்தப் பாய்மரப் படகை விலை பேசியிருந்தார். நடுக்கடலைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்வது பரிசோதகரின் வேலை.

"இல்லாத குறையை நான் சொல்றதில்லம்மா. என் வார்த்தையை நம்பி ஒரு உயிர் கடலுக்குப் போகுது. மேல ஒருத்தன் பாத்துட்டிருக்கான்."

அவள் நெருங்கி வந்து, என்ன குறை சொல்ல வேண்டும் என்பதைக் காதோரம் சொன்னாள். பரிசோதகருக்கு ஏனோ சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"பாக்கலாம்மா."

மனதுக்குள் வழக்கமான பிரார்த்தனையைச் சொல்லிவிட்டுப் படகில் கால் வைத்தார். சின்னச் சுத்தியலால் பக்கவாட்டை அங்கங்கே தட்டிக் காது கொடுத்தார். எங்கும் ஒரே சீரான ஓசை.

"நான் பல்லைத் தட்டிப் பாக்கற மாதிரியே தட்டறீங்களே. சொத்தை ஏதாவது?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். ஆரோக்கியமான வாய்."

"ஊர்ல எல்லார் வாயையும் திறக்க வச்சவர் சார். வீட்டுல என் வாயை மூட வைக்க முடியல. அதான் கடலுக்குத் தப்பிச்சுப் போறார்," என்றாள் மனைவி.

டாக்டர் அவளைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்த்தார். "இவளுக்கு பஸ்ல போனாலே தலை சுத்தும் சார். வீட்டுலயே நிம்மதியா இருக்கட்டும்."

துறைமுக வாயைத் தாண்டியதும் இன்ஜினை நிறுத்தினார்கள். பாய் காற்றை வாங்கிக்கொண்டது. படகு ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து, தண்ணீரைத் தடவிக்கொடுப்பதுபோல் ஓடியது. கரை ஒரு கோடாகிக் கரைந்தது. எது வானம், எது கடல் என்று தெரியாத நீலம். பரிசோதகர் சுக்கானிலிருந்து கையை எடுத்துப் பார்த்தார். படகு தன் வழியை விடவில்லை.

"வேகமான படகு பொதுவா அடம் பிடிக்கும். இது சொன்ன பேச்சைக் கேக்குது," என்றார்.

கீழே அறைக்குள் இறங்கினார். நீரின் வெளிச்சம் கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. டாக்டரின் மனைவி ஒரு படுக்கையில் கண்மூடிக் கிடந்தாள். தலை சுற்றியதாகத் தெரியவில்லை. ஏதோ கனவில் இருப்பவள்போல் முகம்.

"படுக்கை ஓரமா இந்தத் துணியைத் தடுப்பு மாதிரி கட்டியிருக்கே, எதுக்கு சார்?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"படகு சாயும்போது தூங்கறவங்க உருண்டு விழாம இருக்க."

"ஒரு படுக்கைக்குத்தான் கட்டியிருக்கு."

பரிசோதகர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆண்டவன் வழி காட்டிவிட்டான் என்று தோன்றியது.

துறைக்குத் திரும்பியதும் தீர்ப்பைச் சொன்னார். "படகோட உடம்பு உறுதி. பாய்மரம், சுக்கான் எல்லாம் சுத்தம். எந்தக் கடலுக்கும் போகலாம்."

அவள் முகம் வாடியது. டாக்டரின் முகமும் மலரவில்லை.

"ஆனா ஒண்ணு. நடுக்கடல்ல ஒருத்தர் தூங்கினா, இன்னொருத்தர் முழிச்சிருந்து எதிர்ல கப்பல் வருதான்னு பாக்கணும். அதனாலதான் ஒரு படுக்கைக்கு மட்டும் துணி. தனி ஆளா போறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ரெண்டு பேர் வேணும்."

இருவரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

"வேற வழி? நானே வந்து தொலைக்கிறேன்," என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

"ம், வா. இந்த வயசுல எனக்கு வேற யார் கிடைப்பா," என்று டாக்டர் பெருமூச்சு விட்டார்.

பரிசோதகர் சுத்தியலைப் பைக்குள் வைத்தார். அவள் காதோரம் வந்து கேட்டுக்கொண்ட குறை இந்த 'ரெண்டு பேர் வேணும்' என்பதுதான். காலையில் போன் செய்து, "நான் கேட்டதா அவளுக்குத் தெரிய வேண்டாம் சார்" என்று தயங்கித் தயங்கி டாக்டர் சொல்லச் சொன்னதும் அதே குறைதான்.