கண் முன்னாடி முழுங்கு

வாசலில் டாக்சி விடாமல் ஹாரன் அடித்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிய தம்பியை அக்கா கதவருகே மறித்தாள்.

"மலேரியா மாத்திரை போட்டியாடா?"

"தீவுல இறங்கிப் போட்டுக்கறேன், விடுக்கா. ஃபிளைட் போயிடும்!"

"போனா போகட்டும். நீ மாத்திரை போடற வரைக்கும் கொசு கையைக் கட்டிட்டு நிக்குமா? இப்பவே என் கண் முன்னாடி முழுங்கு. திரும்பி வந்தும் நாலு வாரம் போடணும்."

"பெரிய டாக்டரு!" என்று முணுமுணுத்தபடி விழுங்கினான். அவள் வழிவிட்டாள்.

வீட்டை வெளியே பூட்டிவிட்டு டாக்சியில் ஏறினான்.

"தனியா டூரா சார்?" டிரைவர் கேட்டார்.

"டூர் இல்லைங்க. எங்க அக்காவைக் கொண்டுவரப் போறேன். மாத்திரை போடாமப் போய், அங்கேயே மலேரியாவுல செத்துட்டா. நாலு நாளா மார்ச்சுவரியில கிடக்கறா."