கண்டிப்பான ட்யூஷன்

“இனிமே இந்த வீட்டுல பந்துச் சத்தமே கேட்கக் கூடாது. ஆமா!”

கணக்குல இருபத்தெட்டு மார்க் வாங்கிட்டு, முட்டியெல்லாம் மண்ணா வந்து நின்னா என் மகள். ஏழாவது படிக்கறா. நாங்க கூப்பிடறது வாலு.

எனக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. பந்தைப் பிடுங்கி அலமாரி மேல போட்டேன். ஸ்கூல் டீம்லேருந்தும் பேரை எடுக்கச் சொல்லிட்டேன்.

அன்னைக்கு வாயை மூடினவதான். வீட்டுலயும் பேச்சில்ல, வகுப்புலயும் பேச்சில்ல. அடுத்த பரீட்சையில இருபத்தொண்ணு.

“பாத்தீங்களா?”ன்னு கேட்டா என் மனைவி.

“என்னத்தைப் பாக்கறது? நல்ல கண்டிப்பான ட்யூஷனாப் பார்த்துச் சேர்த்துவிடு!”

அவளே தேடிப் பிடிச்சா. தெருக்கோடியில ஒரு டீச்சர். மகா கண்டிப்பாம். சாயந்தரம் ஒன்றரை மணி நேரமாம். பழைய துணியும் ஷூவும் போட்டுத்தான் வரணுமாம்.

“பழைய துணி எதுக்கு?”

“படிக்கற இடத்துல பகட்டு எதுக்குன்னு கேக்கறாங்க.”

அடடா, டீச்சர்னா இவங்கதான்யா டீச்சர்!

தினமும் இவளே கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தா. ரெண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்துதான் வருவாங்க. கேட்டா, “அங்க ஃபேன் இல்லைங்க.”

மூணு மாசம் போச்சு. வாலு கணக்குல அறுபத்தேழு! ரிப்போர்ட் கார்டுல வகுப்பு டீச்சரே எழுதியிருந்தாங்க: ‘இப்போதெல்லாம் தானாகக் கை தூக்கிக் கேள்வி கேட்கிறாள்.’

எனக்குத் தலைகால் புரியல. வேலை பார்க்கற அச்சகத்துல, மெஷின் சத்தத்துக்கு மேல கத்திச் சொன்னேன். “பந்தைப் பிடுங்கினேன், மார்க் ஏறிடுச்சு. அவ்வளவுதான் விஷயம்!”

பைண்டிங் தம்பி ஓடி வந்தான். “என் பையனும் எப்பப் பாரு விளையாட்டுதாண்ணே. கிரிக்கெட் பேட்டை ஒளிச்சு வச்சுட்டேன். இப்ப மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியறான். அந்த ட்யூஷன் எங்கேன்னு சொல்லுங்க.”

“நாளைக்குச் சொல்றேன். முதல்ல நானே போய் டீச்சருக்கு நன்றி சொல்லிட்டு வரேன்.”

எங்க அச்சகத்துலயே தச்ச ஆறு நோட்டை எடுத்துக்கிட்டு, சாயந்தரம் நேரா அங்க போனேன். ரூம்ல பெஞ்செல்லாம் காலி. போர்டுல ஒரு கணக்கு மட்டும் எழுதியிருக்கு. பின்பக்கம் ஒரே கூச்சல்.

எட்டிப் பார்த்தேன். காலி மனை. பத்துப் பதினஞ்சு பிள்ளைங்க. நடுவுல பந்தோட என் வாலு!

“அந்தப் பக்கம் ஓடுடி! எனக்குக் கொடு, எனக்குக் கொடு!”

அந்தக் குரலை வீட்டுல கேட்டு எவ்வளவு நாளாச்சு! ஆனாலும் கோபம் விடுமா? கழுத்துல விசிலோட வந்த டீச்சரைப் பிடிச்சுக்கிட்டேன்.

“என்ன டீச்சர் கூத்து இது?”

“முதல் ஒரு மணி நேரம் பந்து சார், அப்புறம் அரை மணி கணக்கு. வந்த புதுசுல தப்பாயிடுமோன்னு பேனாவையே தொடமாட்டா. ஆனா பந்து தவறினா மட்டும் ‘இன்னொரு தடவை’ன்னு கேப்பா. கொஞ்ச நாள்ல கணக்குக்கும் அதையே கேட்க ஆரம்பிச்சுட்டா.”

“எங்க வீட்டுக்குத் தெரியாம இப்படிப் பண்ணலாமா?”

“தெரியாமலா? யோசனையே உங்க வீட்டம்மாவோடதுதானே!”

டீச்சர் கைகாட்டின பக்கம் பார்த்தேன். கோல் போஸ்ட்ல, தொப்பியும் கையுறையுமா என் மனைவி!

அதுக்குள்ள பந்து உருண்டு வந்து என் காலடியில நின்னுது. பின்னாடியே ஓடி வந்த வாலு என்னைப் பார்த்துட்டா. அவ்வளவுதான், முகம் சுண்டிப்போச்சு. அன்னைக்கு நான் பந்தைப் பிடுங்கினப்போ இருந்த அதே முகம்.

நோட்டைக் கீழே வச்சேன். விட்டேன் ஒரு உதை. கோல்!

“அப்பா!”ன்னு வாலு என் மேல பாய்ஞ்சா.

“நான் ரெடியாவே இல்ல, செல்லாது செல்லாது!”ன்னு சண்டைக்கு வந்தா என் மனைவி.

மறுநாள் அச்சகத்துல நுழையறதுக்குள்ள பைண்டிங் தம்பி பிடிச்சுக்கிட்டான்.

“டீச்சர் எப்படிண்ணே? பிள்ளைங்களை விளையாட கிளையாட விடமாட்டாங்களே?”

வந்த சிரிப்பை அடக்கிக்கிட்டு, முகத்தை உம்முன்னு வச்சுக்கிட்டேன்.

“விளையாட்டா? அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது, அவ்வளவு கண்டிப்பு! இன்னைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துடு. பையனுக்கு மறக்காம பழைய துணியும் ஷூவும் போட்டு அனுப்பு.”