ஊசிக்குத் தடை

"என்ட மகளுக்கு அந்தக் கருத்தடை ஊசியப் போட்டா, நாளைக்கே இந்தக் கிளினிக்குக்குப் பூட்டு விழும்!"

கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் இராசதுரை மேசையில் அடித்த அடியில், கைக்குழந்தைகளை நிறுக்கும் தராசின் முள் ஆடியது. வரிசையில் இருந்த தாய்மார் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆம்பிளையள் உள்ள வாறதில்ல, ஐயா" என்றாள் மருத்துவமாது.

"அது எனக்குத் தெரியாதா? மூணு மாசத்துக்கொருக்கா என்ட மனிசியத் தலையிடி ஊசிக்கு ஏத்திவந்து, வெளிய மோட்டர்சைக்கிளோட காவல் நிக்கிறவன் நான். பதினேழு வருசத்தில ஒருநாள் உள்ள கால் வைச்சனா? இண்டைக்கு வைக்க வைச்சிட்டீங்க!"

மருத்துவமாது கொப்பியைப் புரட்டினாள். "உங்கட மகள் வதனிக்கு ரெண்டாவது பிள்ளை கிடைச்சு நாற்பத்தஞ்சு நாள். ஆறு பை ரத்தம் ஏத்தித்தான் ஆளைக் காப்பாத்தினது. ரெண்டு வருசத்துக்குள்ள இன்னொண்டு தங்கினா உயிருக்கு ஆபத்தெண்டு டொக்டர் எழுதியிரிக்கார்."

"டொக்டர் எழுதுவார்! நம்மட சனம் குறையுது, பெறுங்க பெறுங்க எண்டு மேடைக்கு மேடை கத்துறவன் நான். என்ட வீட்டிலயே ஊசியெண்டா ஊர் சிரிக்கும்."

வதனி வெளிறிப்போய் இருந்தாள். அவள் புருசன் உதயரூபன் பிள்ளையோடு வாசலில் நின்றான். மாமனார் கட்டிக்கொடுத்த வீட்டில் இருப்பவன், பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தான்.

"உங்களுக்கும் ரெண்டுதானே, ஐயா?" என்றாள் மருத்துவமாது.

"ஏழு கேட்டன். கடவுள் ரெண்டோட கையை விரிச்சிட்டார்." வண்ணக்கரின் குரல் தழுதழுத்தது. மேடையிலும் சரியாக இந்த இடத்தில்தான் தழுதழுக்கும். "ஏலாதவன் நான் அழுறன். ஏலுமானவள் ஊசி கேக்கிறாள்! எழும்புடி, வீட்ட போவம்!"

வதனி எழும்பவில்லை. "எனக்குச் சாகப் பயமாரிக்கு, அப்பா."

"செத்தா சாமி பாத்துக்கொள்ளும்!"

அதுவரை ஜன்னலோரம் நின்ற வண்ணக்கரின் மனைவி சின்னத்தங்கம் வந்து, மகளின் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டாள்.

"என்னடி செய்யிறாய்?" என்று வண்ணக்கர் பாய்ந்தார்.

சின்னத்தங்கம் அவர் பக்கம் திரும்பவில்லை.

"பதினேழு வருசமா என்ட தலையிடிக்குப் போடுறதையே இவளுக்கும் போடுங்க, மிஸ்."